ஊதா பம்பை அவசரத்துக்கு இழுக்கலாமா? சிவப்பு பம்பிலிருந்து மாறியவர்கள் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த் மகள் | செவ்வாய் இரவு

தென்னாப்பிரிக்கத் தமிழர் எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 66, சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. சர்க்கரையும் பிரஷரும் இருக்கு. பல வருஷமா அடியில் சிவப்புப் பிடி உள்ள திருகு பம்ப், அதாவது சிம்பிகார்ட் டர்புஹேலர், எடுத்துக்கிட்டு இருந்தாங்க. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நடுவில் இழுப்பு வந்தால் அதையே இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி பழைய டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அவர் ஓய்வு பெற்றுட்டார். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பிளானும் மாறிப்போச்சு. புது இடத்தில் ஊதா நிற வட்டமான பம்ப், செரிடைட் அக்யுஹேலர் 50/250, ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தாங்க.

அம்மா பழைய பழக்கத்தில் இதையும் மூச்சு முட்டும்போதெல்லாம் இழுக்கிறாங்க. போன வாரம் டோங்காட்டில் சித்தி வீட்டில் இருந்தோம். அறுவடைக்காகக் கரும்புத் தோட்டத்தில் தீ வைத்த நாள், முற்றமெல்லாம் கருஞ்சாம்பல். அன்று மட்டும் நாலைந்து தடவை கூடுதலா எடுத்தாங்க. மூச்சு சரியாகல, கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இப்போ பரவாயில்லை. அவசரத்துக்கு எடுக்கிற நீல பம்ப் வீட்டில் இல்லவே இல்லை. இது ஆபத்தா?

வெருலம்காரன் | செவ்வாய் இரவு

தங்கச்சி, எல்லா பம்பும் ஒரே மருந்துதானே? கம்பெனிதான் வேற. நிறத்தை மாத்தி விக்கிறாங்க. அம்மா வயசானவங்க, பயப்படுத்தாதீங்க.

மருந்துக்கடை அக்கா | செவ்வாய் இரவு

வெருலம் தம்பி, அப்படி நினைக்கிறதுதான் இங்கே ஆபத்து. நான் டர்பனில் பார்மசிஸ்ட். இந்தக் குழப்பம் கவுன்ட்டருக்கு அடிக்கடி வருது, அதனால் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

தங்கச்சி, முதலில் இப்போ செய்ய வேண்டியது. ஊதா பம்ப் காலை ஒன்று, ராத்திரி ஒன்று, அதுக்கு மேல வேண்டாம். அந்த இரண்டையும் நிறுத்தவும் வேண்டாம். நாளைக் காலையில் டாக்டருக்கு போன் போட்டு, "அவசரத்துக்கு எடுக்க வீட்டில் எதுவுமே இல்லை"ன்னு இதே வார்த்தையில் சொல்லி நீல பம்ப் வாங்குங்க. இன்று ராத்திரி முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

இனி காரணம். இரண்டு பம்பிலும் இரண்டிரண்டு மருந்து இருக்கு. ஒன்று மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை நாளாவட்டத்தில் தணிக்கிற ஸ்டீராய்டு. மற்றது இறுகின குழாயை 12 மணி நேரம் தளர்த்தி வைக்கிற மருந்து. வித்தியாசம் அந்த இரண்டாவதில்தான். சிவப்பு பம்பில் இருக்கிறது ஃபார்மோட்டெரால். ஒன்று முதல் மூன்று நிமிஷத்திலேயே வேலையைத் தொடங்கிடும். அதனால்தான் அதையே அவசரத்துக்கும் எடுக்கச் சொன்னார் பழைய டாக்டர், அவர் செய்தது சரியான முறை. ஊதா பம்பில் இருக்கிறது சால்மெட்டெரால். வேலை தொடங்கவே 10 முதல் 20 நிமிஷம் ஆகும். முழு பலம் வர இன்னும் நேரம் எடுக்கும். மூச்சு முட்டி நிற்கிறவங்களுக்கு அத்தனை நேரம் கிடையாது. பலன் தெரியலையேன்னு இன்னொன்று, இன்னொன்றுன்னு இழுத்தால் சுவாசம் திறக்கிறதுக்குப் பதில் கை நடுக்கம், படபடப்பு, தசைப்பிடிப்பு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவதுன்னு போகும். அம்மாவுக்கு நடந்தது இதுதான்னு தோணுது. பிரஷர் உள்ளவங்களுக்கு இது இன்னும் கவலை.

இன்னொன்று கேட்கணும். பிரஷருக்கு என்ன மாத்திரை எடுக்கிறாங்க? கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து போடுறாங்களா? தலைவலிக்கு என்ன எடுப்பாங்க?

ஓய்வு பெற்ற சிஸ்டர் | புதன் காலை

அக்கா சொன்னது சரி. கூடவே ஒன்று சேர்க்கிறேன். சிவப்பு பம்பைக் கூட கணக்கில்லாமல் எடுக்கக் கூடாது. 160/4.5 அளவில் பெரியவர்களுக்கு ஒரே நேரத்தில் 6 இழுப்புக்கு மேல் கிடையாது. ஒரு நாளில், காலை ராத்திரி எடுப்பதையும் சேர்த்து, 8-க்கு மேல் சாதாரணமாகத் தேவைப்படக் கூடாது. தற்காலிகமாக 12 வரை போகலாம், ஆனால் அந்த நிலைமைக்கு வந்தவங்க அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும். ஊதாவுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை, ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான்.

கிளினிக்கில் இருந்த காலத்தில் பம்ப் கொடுக்கும்போது டப்பாவின் மேலேயே மார்க்கர் பேனாவால் "காலை – இரவு மட்டும்" என்று எழுதி ஒட்டிக் கொடுப்போம். நீலத்தில் "மூச்சு முட்டினால்" என்று. இங்கே படிக்கிறவங்க இன்றைக்கே வீட்டிலுள்ள பெரியவங்க பம்பில் அதை எழுதி ஒட்டுங்க.

வெருலம்காரன் | புதன் காலை

இந்த விவரம் எனக்குப் புதுசு, நன்றி அக்கா. அப்போ இன்னொரு சந்தேகம். நான் நீலம் மட்டும்தான் எடுக்கிறேன். மாசம் ஒன்று காலியாகுது. எடுத்த உடனே மூச்சு திறந்திடுது. தினசரி பம்ப் எதுக்கு?

மருந்துக்கடை அக்கா | புதன் மதியம்

தம்பி, மாசம் ஒன்றா? தயவுசெய்து இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. 200 தடவை அடிக்கிற நீல பம்ப் வருஷத்துக்கு மூன்று அல்லது அதுக்கு மேல் தேவைப்பட்டாலே பெரிய தாக்குதல் வரும் வாய்ப்பு கூடும். வருஷத்துக்கு 12-ஐத் தொட்டால் உயிர் போகும் ஆபத்தே கூடும். நீலம் குழாயைத் திறந்துவிடும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் நீலம் போதாமல் போகும். 2019-லிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நீல பம்பை மட்டும் தனியாகக் கொடுத்து வைத்தியம் செய்யக் கூடாதுன்னு தெளிவாகச் சொல்லுது. எடுத்த உடனே நல்லா இருக்கிறதால்தான் இது கண்ணுக்குத் தெரியறதில்லை.

பீனிக்ஸ் அண்ணன் | புதன் மாலை

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்பில் இந்த இரட்டை மருந்து பம்பால் அமெரிக்காவில் ஆட்கள் செத்தாங்கன்னு ஒரு செய்தி சுத்துது. என் மனைவி அதைப் படிச்சதிலிருந்து பம்பைத் தொடவே மாட்டேங்கிறாங்க. உண்மையா?

மருந்துக்கடை அக்கா | புதன் இரவு

அண்ணா, பாதி உண்மை. அந்தப் பாதிதான் அண்ணியை பம்பிலிருந்து தள்ளி வச்சிருக்கு.

அமெரிக்காவில் சால்மெட்டெராலை மட்டும் வைத்து 26,000 பேருக்கு மேல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வழக்கமான வைத்தியத்தோடு ஒரு பாதிக்கு சால்மெட்டெரால், மறுபாதிக்கு வெற்று மருந்து. சால்மெட்டெரால் பக்கம் ஆஸ்துமாவால் 13 பேர் இறந்தாங்க, மறுபக்கம் 3 பேர். 2003-ல் ஆய்வை நிறுத்திட்டாங்க. அதில் பலர் ஸ்டீராய்டு பம்ப் எடுக்காதவங்க. அதன்பின் மருந்து டப்பாவில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வந்தது, அந்தச் செய்திதான் இன்னும் சுத்துது. ஸ்டீராய்டோடு ஒரே பம்பில் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்னு பார்க்க நான்கு பெரிய ஆய்வுகள் நடந்தன, மொத்தம் சுமார் 41,000 பேர். கடுமையான பாதிப்பு கூடவில்லை, தாக்குதல்கள் குறைஞ்சது. 2017 டிசம்பரில் சேர்ந்த பம்புகளிலிருந்து அந்த எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகமே எடுத்துட்டது.

ஆக, நீண்ட நேரம் தளர்த்தும் மருந்தை ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக எடுக்கிறதுதான் ஆபத்து. ஒரே பம்பில் இரண்டையும் வைத்ததே, ஒன்றை விட்டுட்டு மற்றதை எடுக்க முடியாமல் இருக்கட்டும்னுதான். அண்ணி பம்பைத் திடீர்னு நிறுத்தினதுதான் எனக்குக் கவலை. இன்றைக்கே மறுபடி தொடங்கச் சொல்லுங்க, டாக்டரிடமும் தெரிவிங்க.

டோங்காட் ஆசிரியை | வியாழன் காலை

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கம் பயம். எலும்பு கரையும், முகம் ஊதும், பிள்ளை வளராது என்பார்கள். என் மாணவி ஒருத்தியின் ஆயா, பேத்தியின் பம்பை அலமாரியில் பூட்டி வைத்து "ரொம்ப முட்டினால்தான்" எடுத்துக் கொடுக்கிறார். இங்கே கரும்பு அறுவடைக் காலம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும். அந்தப் பிள்ளை வருஷத்தில் பாதி நாள் இருமிக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆயாவிடம் நான் என்ன சொல்ல?

ஓய்வு பெற்ற சிஸ்டர் | வியாழன் காலை

டீச்சர், ஆயாவிடம் அளவைக் காட்டிப் பேசுங்க. மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியவங்களுக்கு நாங்கள் கொடுக்கிற பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், ஐந்து முதல் ஏழு நாள். ஊதா பம்பில் ஒரு இழுப்பில் இருக்கும் ஸ்டீராய்டு 250 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிகிராம். மருந்து வேறு, வீரியமும் வேறு, அதனால் எடையை மட்டும் ஒப்பிட முடியாது. ஆனாலும் பம்ப் மருந்து போய்ச் சேர்வது நுரையீரலுக்கு, ரத்தத்தில் கலப்பது கொஞ்சம். பம்பை ஒழுங்காக எடுக்காத பிள்ளைதான் வருஷத்தில் பல தடவை அந்த மாத்திரைக்குப் போகும். ஸ்டீராய்டுக்குப் பயந்து பூட்டி வைத்தால் பேத்தி உடம்பில் ஏறுவது அதிக ஸ்டீராய்டு. இதை ஆயாவிடம் அப்படியே சொல்லுங்க.

வளர்ச்சி பற்றியும் மறைக்காமல் சொல்லணும். சிறு வயதில் வருஷக்கணக்கில் எடுத்த பிள்ளைகளை வளர்ந்த பின் அளந்து பார்த்ததில் உயரம் சுமார் 1 சென்டிமீட்டர் குறைவு. ராத்திரி ராத்திரி தூங்காமல் இருமுகிற பிள்ளையும் வளராது. மூன்று மாதம் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் டாக்டரே அளவைக் குறைப்பார். குறைக்கிற முடிவு அவரோடது, அலமாரிச் சாவி வைத்திருப்பவருடையது இல்லை.

வாய் கொப்பளிப்பதைச் சொல்ல மறக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் எடுத்தபின் தண்ணீரால் வாயும் தொண்டையும் கொப்பளித்துத் துப்பணும், விழுங்கக் கூடாது. விட்டுவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும், குரல் கம்மும். பல் துலக்கும் முன் பம்ப் எடுத்தால் இரண்டும் ஒன்றாக முடியும்.

காவடி வீட்டுப் பிள்ளை | வியாழன் மாலை

தைப்பூச விரதத்தில் என் மாமா பத்து நாளும் பம்ப் எடுக்க மாட்டார். உள்ளே போகிற எதுவும் விரதத்தை முறிக்கும் என்கிறார். சாம்பிராணி, கற்பூரப் புகை நடுவில்தான் அவர் காவடி எடுக்கணும். போன வருஷம் கோவில் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

உம்கேனி ரோடு தாத்தா | வியாழன் இரவு

தம்பி, நான் இங்கே கோவில் வேலையில் ரொம்ப நாள் இருந்தவன். சொல்கிறேன், மாமாவிடம் காட்டு. விரதம் நாவையும் வயிற்றையும் மனதையும் கட்டுவது. மூச்சைக் கட்டுவது அல்ல. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு காவடி எடுத்தவர்களை முருகன் திருப்பி அனுப்பியதில்லை. காலை பூஜைக்கு முன் ஒன்று, ராத்திரி ஒன்று எடுத்து வாய் கொப்பளித்துவிட்டு வரட்டும். நீல பம்ப் கூட வருகிறவர் கையில் இருக்கட்டும், பைக்குள் அல்ல. பெரிய வெள்ளிக்கிழமையில் தீ மிதிக்கப் போகிறவர்களுக்கும் இதேதான். குழியருகே புகை அடிக்கும் பக்கம் நிற்க வேண்டாம்.

மருந்துக்கடை அக்கா | வியாழன் இரவு

தாத்தா, மனசு நிறைஞ்சு நன்றி. இதை நான் சொல்லி யாரும் கேட்கிறதில்லை, நீங்க சொன்னால் கேட்பாங்க.

அந்த ஊதா வட்டில் மருந்தோடு கொஞ்சம் பால் சர்க்கரையும் உண்டு, ஒரு இழுப்பில் 12.5 மில்லிகிராம் வரை. சர்க்கரை நோயாளிக்கு இது ஒன்றுமே இல்லை. பால் புரதத்துக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவங்க மட்டும் முன்கூட்டியே சொல்லணும்.

சாட்ஸ்வொர்த் மகள் | வெள்ளி காலை

அக்கா, நீங்க கேட்ட மருந்துகள். பிரஷருக்கு அடினலால். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. தலைவலிக்கு கிராண்ட்பா பவுடர், அது எங்க வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே. டாக்டரிடம் திங்கட்கிழமை நேரம் கிடைச்சிருக்கு. நீல பம்ப் நேற்றே வாங்கிட்டோம்.

மருந்துக்கடை அக்கா | வெள்ளி காலை

நல்லது. அடினலால் பற்றி திங்கட்கிழமை கட்டாயம் பேசுங்க. அது பீட்டா தடுப்பு வகை. நம்ம பம்ப் மருந்து எந்த வாசலைத் திறக்கப் பார்க்குதோ, இது அதே வாசலை மூடப் பார்க்கும். ஆஸ்துமா உள்ளவங்களுக்கு மூச்சுத்திணறல் அதிகமாக வாய்ப்பு உண்டு. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டும் இதே வகை, அதனால்தான் கண்ணைப் பற்றிக் கேட்டேன். ஆனால் நீங்களாக நிறுத்திடாதீங்க. அடினலாலைத் திடீர்னு விட்டால் இதயம் முரண்டு பிடிக்கும். டாக்டர் படிப்படியாக மாற்றட்டும்.

கிராண்ட்பா பவுடரில் ஆஸ்பிரின் உண்டு. ஆஸ்துமா உள்ள எல்லாருக்கும் ஆஸ்பிரின் ஒத்துக்காதுன்னு இல்லை, சிலருக்கு மட்டும்தான், ஆனால் அவங்களுக்குக் கடுமையாக வரும். திங்கள் வரைக்கும் தலைவலிக்கு வெறும் பாரசிட்டமால் கொடுங்க.

எல்லாருக்குமாக இன்னொன்று, நம்ம நாட்டில் இது முக்கியம். எச்ஐவி மருந்தில் ரிட்டோனவிர் எடுக்கிறவங்க ஊதா பம்பிலுள்ள ஃப்ளூட்டிகசோனையோ சிவப்பிலுள்ள புடெசோனைடையோ எடுத்தால், அந்த ஸ்டீராய்டு கல்லீரலில் உடையாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். முகம் உருண்டு, சர்க்கரை ஏறி, உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கிறதையே நிறுத்திடும். அவங்களுக்குப் பாதுகாப்பான ஸ்டீராய்டு பெக்லோமெத்தசோன். இரண்டு கிளினிக்கில் இரண்டு ஃபைல் இருந்தால் ஒன்று மற்றதுக்குத் தெரியாது. பார்மசிஸ்ட் காதில் ரகசியமாகச் சொல்லுங்க, எங்களிடம் அது ரகசியமாகவே இருக்கும்.

ஜோபர்க் நெல்லையான் | வெள்ளி இரவு

ஐடி வேலைக்கு ஜோஹன்னஸ்பர்க் வந்தவன். உயரமான ஊர், ஜூன் ஜூலையில் காய்ந்த குளிர்க்காற்று, என் மகனுக்கு மூச்சு பிடிச்சுக்கும். நெபுலைசர், அதாவது மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற கரண்ட் மெஷின், வாங்கி வச்சிருந்தோம். 2022, 2023-ல் லோட்ஷெடிங் (மின்வெட்டு) உச்சத்தில் இருந்தப்போ அது ஒரு மூலையில்தான் கிடந்தது. இப்ப கரண்ட் பரவாயில்ல, ஆனாலும் அதை நம்பணுமா?

ஓய்வு பெற்ற சிஸ்டர் | வெள்ளி இரவு

நம்ப வேண்டியதில்லை. அழுத்தி அடிக்கிற நீல பம்பை ஸ்பேசரோடு, அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கிற கூட்டோடு, எடுத்தால் பெரும்பாலான தாக்குதல்களுக்கு நெபுலைசர் அளவுக்கே வேலை செய்யும். தாக்குதல் வந்தால் ஒவ்வொரு அடியாக, நாலு முதல் பத்து அடி, முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, கூடவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

ஸ்பேசர் வாங்க வழியில்லாதவங்களுக்கு நம்ம நாட்டிலேயே வழி கண்டுபிடிச்சாங்க. கேப் டவுனில் பேராசிரியர் ஹெதர் ஸார் குழு, 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில் பம்ப் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் பசையால் அடைத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. கடையில் வாங்கின ஸ்பேசருக்குச் சமமாக மூச்சு திறந்தது. ஓட்டையை அடைக்காத பாட்டில் அவ்வளவு பலன் தரவில்லை. தெர்மகோல் கப் எல்லாவற்றிலும் மோசம். 1999-ல் லான்செட் இதழில் வந்தது. பாட்டிலைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் தானாகக் காயவிடணும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிக்கும்.

ஊதா வட்டு, சிவப்புத் திருகு இரண்டும் பவுடர். அதுக்கு ஸ்பேசர் கிடையாது.

சாட்ஸ்வொர்த் மகள் | திங்கள் மாலை

போயிட்டு வந்தோம். டாக்டர் முதலில் அம்மாவை பம்ப் எடுத்துக் காட்டச் சொன்னார். அம்மா வட்டைத் திறந்து நெம்புகோலைத் தள்ளி, பிறகு அதுக்குள்ளேயே மூச்சை ஊதிட்டு அப்புறம் மெதுவா இழுத்தாங்க. அதில்தான் பாதி மருந்து போயிட்டிருந்திருக்கு. மூச்சை வெளியே விடும்போது பம்பை வாயிலிருந்து தள்ளிப் பிடிக்கணும், அப்புறம் வேகமா, ஆழமா ஒரே இழுப்பு, 10 விநாடி அடக்கி வைக்கணும்னு காட்டினார். மூணாவது தடவை அம்மா சரியா செஞ்சாங்க. எண் காட்டுற சின்ன ஜன்னலில் 5-லிருந்து சிவப்பா மாறும், அப்போவே அடுத்த பம்ப் வாங்கணும்னும் சொன்னார்.

அடினலாலைப் படிப்படியா குறைச்சு, அம்லோடிபின்னு வேற பிரஷர் மாத்திரை தரப் போறார். ஊதா பம்ப் இரண்டு வேளை, அவசரத்துக்கு நீலம், ஸ்பேசரோடு. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு கட்டமா என்ன செய்யணும்னு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கார். அதை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டேன். ஆஸ்துமா மெடிக்கல் எய்ட் கட்டாயம் கொடுக்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறதால், சிவப்பு பம்புக்கே திரும்பணும்னு தோணினால் காரணம் எழுதி விண்ணப்பிக்கலாம்னும் சொன்னார். ஒரு மாசம் பார்த்துட்டு முடிவு.

ஒரு கடைசிக் கேள்வி அக்கா. பழைய சிவப்பு பம்ப் பாதிக்கு மேல மருந்தோடு அலமாரியில் இருக்கு. ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்குது. வீணாகுதேன்னு அம்மாவுக்கு மனசு வரல. அவசரத்துக்கு அதையும் வச்சுக்கலாமா?

மருந்துக்கடை அக்கா | திங்கள் இரவு

அந்தச் சத்தம் மருந்து இல்லம்மா, ஈரம் உறிஞ்சுகிற பொருள். காலியான பம்பிலும் கேட்கும். அதை நம்பி எத்தனையோ பேர் காலி பம்பை இழுத்துக்கிட்டிருக்காங்க.

வேண்டாம், வச்சுக்காதீங்க. ஊதாவில் ஒரு 12 மணி நேர மருந்து ஏற்கெனவே உடம்பில் இருக்கும்போது சிவப்பிலிருந்து இன்னொரு 12 மணி நேர மருந்து சேர்ந்தால் மறுபடி அதே படபடப்பு, அதே நடுக்கம். அவசரத்துக்கு இப்போ நீலம் மட்டும். சிவப்பை எங்கள் மாதிரி எந்த பார்மசியிலாவது திருப்பிக் கொடுத்துடுங்க, அழிக்க நாங்க அனுப்பிடுவோம். நீலத்தை வெயிலில் நிற்கிற காரில் விட்டுட்டுப் போகாதீங்க, 30 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது.

வெருலம்காரன் | திங்கள் இரவு

அக்கா, நாளைக் காலை 9 மணிக்கு கிளினிக்கில் எனக்கு நேரம் கிடைச்சிருக்கு. காலி நீல பம்புகளையும் கூட எடுத்துட்டுப் போறேன், எத்தனைன்னு டாக்டரே எண்ணிப் பார்க்கட்டும்.